முள்ளம்பன்றி ஒளிந்து கேட்ட கதை

நாவல்மரக் குளத்துப் பஞ்சாயத்துக்குத் தலைவர் முள்ளம்பன்றி தாண்டவராயர். கோடையில் யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்று அவர் சொன்னால் யானைகூட மறுபேச்சு பேசாது.

அந்தக் குளக்கரையில் சாயங்காலமானால் மைனா கதை சொல்லும். கொம்பு முளைக்கிற வயசுக் குட்டிகளுக்கு மட்டும்தான். பெரியவர்களுக்கு ஆந்தை தனியாகக் கதை சொல்லும். அதைக் கேட்டால் எல்லாருக்கும் கொட்டாவிதான் வரும்!

தாண்டவராயர் தினமும் புதருக்குப் பின்னால் ஒளிந்து மைனாவின் கதையைக் கேட்பார். தலைவராயிற்றே, வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே!

அன்று கதையில் செம்பி என்ற மான்குட்டி தாயைப் பிரிந்து, முதன்முறையாகத் தனியாக வெள்ளத்தில் இறங்கினாள். தாண்டவராயருக்கு உடம்பு சிலிர்த்தது. அவ்வளவுதான், முதுகு முள்ளெல்லாம் எழுந்து கலகலவென்று சத்தம் போட்டது!

"யாரது புதருக்குள்ளே? அட, தலைவரா!" என்று கத்தியது நரி. தலைவர் பதவி மேல் அதற்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

மறுநாள் காலையில் நரி பஞ்சாயத்தைக் கூட்டியது. "குட்டிகள் கதைக்கு முள் சிலிர்க்கிற ஆள் நமக்குத் தலைவரா? வெட்கக்கேடு!"

"நீ அங்கே என்ன பண்ணினாய்?" என்று கேட்டது யானை.

"நானா? சும்மா அந்தப் பக்கம் போனேன்!"

தாண்டவராயருக்கு முதலில் உடம்பெல்லாம் கூசியது. அப்புறம் கோபம் வந்தது. நிமிர்ந்து நின்றார்.

"ஆமாம், கேட்டேன்! நானும் ஒருநாள் அம்மாவை விட்டுத் தனியாகக் கிளம்பியவன்தான். அந்தப் பயம் இன்னும் எனக்குள்ளே இருக்கிறது. செம்பியின் கதை என் கதையும்தான். பதவி வேண்டுமென்றால் எடுத்துக்கொள். இன்றைக்கும் போய்க் கேட்பேன்!"

எருமை மெல்ல வாயைத் திறந்தது. "அண்ணே, நானும் மறைவாக நின்று கேட்டேன். கன்று கூப்பிட்டதால் பாதியில் போய்விட்டேன். செம்பி கரை ஏறினாளா?"

"ஏறிட்டா! கால்லதான் கொஞ்சம் அடி, பாவம்!" என்று முந்திக்கொண்டது நரி. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டது. யானை விழுந்து விழுந்து சிரித்தது.

அன்று சாயங்காலம் தலைவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது நரி. "கொஞ்சம் தள்ளி உட்காருங்க தலைவரே, முள் குத்துது!"

தனக்குப் பிடித்த கதையைத் தலைநிமிர்ந்து கேட்கிறவரை, அதைச் சொல்லி யாராலும் மிரட்ட முடியாது.