கடைந்து மட்டும் கொடுத்தவர்

சௌடேஸ்வரிக்கு நடந்தது அநியாயம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நிதானமெல்லாம் பிறகு.

அவருக்கு நாற்பத்தாறு வயது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் பகல் முழுக்க நட்டும் வாஷரும் மாட்டுகிற வேலை. பெயர்ப்பலகைக் கடைகளில் எழுத்து வெட்டியதுபோக மிஞ்சுகிற அக்ரிலிக் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தார். பட்டை பட்டையாக அறுத்தார். நிறம் மாற்றி மாற்றி ஒட்டினார். லேத்தில் பூட்டிக் கடைந்தார்.

நூற்றுப் பன்னிரண்டு துண்டு. ஐந்து மாதம். ஒரு பேனா.

அந்தப் பேனா இப்போது பேனாப் பிரியர் சங்கத்தின் கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. முதல் பரிசு. கீழே ஓர் அட்டை: ‘ஆக்கம்: திரு. வரதராஜுலு, செயலாளர்.’

உறுப்பினர் பெயரில்தான் போட்டிக்கு வைக்க முடியும் என்று சொல்லி வாங்கிப்போனவர் அவர்தான்.

சௌடேஸ்வரி நேரில் போய்க் கேட்டார்.

“வளையம் வளையமா வரணும்னு யோசனை சொன்னது நானுங்க,” என்றார் வரதராஜுலு. “நீங்க கடைஞ்சு மட்டும்தானே குடுத்தீங்க?”

மட்டும்!

சமைத்து மட்டும் போட்டவள். பெற்று மட்டும் கொடுத்தவள். கடைந்து மட்டும் கொடுத்தவள். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எவ்வளவு சௌகரியமாக வாழ்ந்துவிட்டார்கள்!

சௌடேஸ்வரி நேராகத் தன் குருவிடம் போனார்.

குருவுக்கு வயது இருபத்தேழு. பெயர் ஜெசிந்தா. ஊருக்குள் கணபதி என்ற பகுதியில் தகரக் கூரை போட்ட சின்ன லேத் பட்டறை அவருடையது; சௌடேஸ்வரி கடையக் கற்றதும் அங்கேதான். சீடர் குருவைக் ‘கண்ணு’ என்பார். குரு சீடரை ‘அக்கா’ என்பார். யார் காலையும் யாரும் தொடுவதில்லை.

“என்ற பேனாவைத் திருடிப்புட்டாங்க, கண்ணு.”

ஜெசிந்தா உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“கண்காட்சிப் பெட்டியை உடைச்சா?”

“பேனா பெட்டிக்குள்ளயேதான் இருக்குது.”

“அப்புறம் என்னக்கா திருட்டு?”

“வெளையாடாத. எனக்கு வயிறு எரியுது.”

“எரியட்டும். அணைச்சுடாதீங்க.”

சௌடேஸ்வரி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நாளைக்கு நிறைவு விழா. கேடயத்துல அந்தச் செயலாளரு பேரைப் பொறிச்சு, சங்கத்துச் சுவத்துல மாட்டிப்புடுவாங்க. அதுக்கப்புறம் நான் செஞ்சேன்னு சொன்னா எவன் நம்புவான்? நீ வந்து ரெண்டு வார்த்தை கேக்கோணும். நீ படிச்ச புள்ள.”

“அது உங்க பேனான்னு எதை வெச்சுச் சொல்லுவீங்க?”

“நூத்திப் பன்னெண்டு துண்டு.”

“எண்ணத் தெரிஞ்சவன் சொல்லுவான்.”

“செவப்பு, கறுப்பு, பால் வெள்ளை.”

“கண்ணு இருக்கிறவன் சொல்லுவான்.”

“பளபளப்பு! தண்ணி விட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு என்ற வெரல் ரேகையே போயிருச்சு, பாரு.”

“அவரும் விரலைக் காட்டுவாரு. வீட்டுல லேத் வெச்சிருக்காரே.”

சௌடேஸ்வரி எழுந்துவிட்டார்.

“ஏங்கண்ணு, நீ எந்தப் பக்கம்?”

நியாயமான கேள்வி.

ஜெசிந்தா அலமாரியைத் திறந்து, தான் பாதி கடைந்து வைத்திருந்த ஒரு பேனாக் கட்டையை எடுத்தார். லேத்தில் பூட்டினார். சுவிட்சைப் போட்டார். மஞ்சளும் பச்சையும் கலந்து ஒரே புகையாகச் சுற்றியது.

“ஒட்டுத் தெரியுதா?”

“ஓடறப்ப எப்படித் தெரியும்?”

சுவிட்சை அணைத்தார். புகை மெல்ல மெல்லத் துண்டுகளானது.

“இப்ப?”

“தெரியுது. நாலாவது வளையம் கோணல்.”

“யாரு கோணலாக்கினது?”

“நீதான். உன்ற கட்டைதானே?”

“எதனால கோணலாச்சு?”

“என்னையக் கேட்டா? அது செஞ்ச உனக்குத்தான…”

சௌடேஸ்வரி நிறுத்திக்கொண்டார். கை தானாக வாய்க்குப் போனது.

“கண்ணு. என்ற பேனாவுல ஒரு எடத்துல…”

“என்கிட்டச் சொல்லாதீங்க,” என்று ஜெசிந்தா மறுபடி சுவிட்சைப் போட்டார்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மாலையோடு வரதராஜுலு. பக்கத்தில் நடுவர்: வெள்ளை முடியும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக ஒரு பெண்மணி. பேனா அவர் முன்னால், பட்டுத் துணிமேல்.

கம்பெனிச் சீருடையோடு சௌடேஸ்வரி எழுந்தார். விடுப்பு கிடைக்கவில்லை, சாப்பாட்டு இடைவேளையில் வந்திருந்தார்.

“ஐயாகிட்ட ஒரே ஒரு கேள்விங்க. இந்தப் பேனாவுல எங்க தப்பு இருக்குது?”

வரதராஜுலு சபையைப் பார்த்துச் சிரித்தார்.

“தப்பு இருந்தா முதல் பரிசு குடுப்பாங்களா, அம்மணி? ஒரு தப்பும் கிடையாது. செஞ்ச எனக்குத் தெரியாதா?”

கைதட்டல். நிறைய.

சௌடேஸ்வரி அது ஓயும்வரை நின்றார். பிறகு நடுவரிடம் சொன்னார்:

“மூடியோட தலையைத் திருகிக் கிளிப்பைக் கழட்டுங்க. கிளிப் இருந்த எடத்துக்கு நேர் கீழ, ரெண்டாவது வெள்ளைத் துண்டு. அதோட ஓரத்தை நகத்தால சுரண்டுங்க.”

“என்ன இருக்கிறது அங்கே?”

“அக்ரிலிக்குல கீறல் விழாம இருக்க ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு பிலிம் ஒட்டியிருப்பாங்க. ஒட்டறதுக்கு முந்தி உரிச்சுப்புடோணும். எல்லாத்தையும் உரிச்சேன். அதுல ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போச்சு. கடைஞ்சு முடிச்ச பொறவுதான் கண்ணுல பட்டுது. கிளிப்பை அதுக்கு மேல வெச்சு மறைச்சேன்.”

நடுவர் கிளிப்பைக் கழற்றினார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

முடியைவிடச் சற்றே தடிமனாக, ஒரு பிலிம் இழை அவர் நகத்தோடு வந்தது.

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். வரதராஜுலு அந்த இழையை முதன்முதலாகப் பார்க்கிறவரைப்போலப் பார்த்தார். முதன்முதலாகத்தான் பார்த்தார்.

நடுவர் சௌடேஸ்வரி பக்கம் திரும்பினார்.

“குறை இருக்கிறது என்று தெரிந்தே மறைத்திருக்கிறீர்கள். குறையுள்ள பேனாவுக்கு எங்கள் விதியில் பரிசு கிடையாது. நீங்கள் வாயைத் திறந்ததால் இந்தப் பரிசு போகிறது. அது புரிகிறதா உங்களுக்கு?”

“போகட்டுமுங்க,” என்றார் சௌடேஸ்வரி. “அது அவரு பேர்லதானுங்களே இருக்குது?”