அயோடின் இடம் மாறிய கதை

பூமி இன்னும் ஆறாமல் கொதித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தனிமங்கள் பேசின, சண்டை போட்டன, கோபித்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தன. யார் யாருக்குச் சொந்தம் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் தினமும் ரகளை. சோடியம் தண்ணீரைக் கண்டாலே வெடிப்பான். ஃபுளூரின் எதிரே வந்தவர்களையெல்லாம் கடித்து வைப்பான்.

"இப்படியே விட்டா நாம உருப்பட மாட்டோம். எல்லாரும் வரிசையா உட்காருங்க" என்றார் மூத்தவர் ஹைட்ரஜன்.

ஊதினால் பறந்துவிடும் உடம்பு அவருக்கு. அவர்தான் தராசைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். எடை குறைந்தவர் முதலில், கூடியவர் பிறகு. ஒரு வரிசை நிரம்பினால் அதற்குப் பின்னால் அடுத்த வரிசை. கீழே பாறை இறுகிவிட்டால் உட்கார்ந்தவர் உட்கார்ந்ததுதான், அப்புறம் யாரும் எழுந்திருக்க முடியாது.

அதிசயம் என்னவென்றால், ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக அமைந்தவர்கள் குணத்தில் கூடப்பிறந்தவர்களாக இருந்தார்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூவரும் முன்கோபிகள். ஆக்சிஜன், கந்தகம், செலினியம் மூவரும் எதை வாங்கினாலும் இரண்டு கையையும் நீட்டுகிறவர்கள். ஃபுளூரின், குளோரின், புரோமின் ஒரே ஒரு கையை நீட்டுகிறவர்கள். "அட, நீ நம்ம ஆளா!" என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அயோடினும் ஒற்றைக் கைக்காரிதான். புரோமின் அண்ணனுக்குப் பின்னால் தனக்கு இடம் கிடைக்கும் என்று துள்ளிக்கொண்டு வந்தாள். கூடவே டெலூரியமும் வந்தான். தராசில் அவன் எடைதான் கொஞ்சம் கூடுதல்.

"அயோடின், நீ முந்தி. செலினியத்துக்குப் பின்னால உட்காரு. டெலூரியம், நீ அடுத்து. புரோமினுக்குப் பின்னால போ" என்றார் ஹைட்ரஜன்.

அயோடின் போய் உட்கார்ந்தாள். செலினியம் திரும்பிப் பார்த்து, "இன்னொரு கை எங்கம்மா?" என்றாள். அந்தப் பக்கம் ஃபுளூரின் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாருடா இவன்? பூண்டு வாசனை அடிக்குது, ரெண்டு கையை வேற நீட்டுறான்" என்று கத்தினான். பாவம், டெலூரியம் கூனிக் குறுகிப் போனான்.

காலடியில் பாறை கறுத்து இறுகத் தொடங்கியது. இனி காலத்துக்கும் அண்ணன்களைப் பக்கத்து இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா? அயோடினுக்கு அழத் தெரியாது. மனம் சூடேறினால் உடம்பிலிருந்து ஊதாப் புகைதான் கிளம்பும். இப்போதும் கிளம்பியது.

"பெரியண்ணே, நான் எங்க அண்ணங்ககிட்டப் போகணும்."

"தராசு சொன்னது சொன்னதுதான். உனக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"தராசு என் எடையைத்தானே பார்த்துச்சு? என் கையைப் பார்க்கலையே!"

அயோடின் ஹைட்ரஜனின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாதி இறுகிய பாறையிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். "எனக்கும் இங்க மூச்சு முட்டுது" என்று டெலூரியமும் எழுந்தான். இருவரும் ஒருவரையொருவர் தாண்டி ஓடி, இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

"ஐயையோ, வரிசையே கெட்டுப்போச்சு!" என்று கூட்டம் அலறியது.

ஹைட்ரஜன் எட்டிப் பார்த்தார். செலினியத்துக்குப் பின்னால் இரண்டு கைகள். புரோமினுக்குப் பின்னால் ஒரு கை. அவர் தராசைக் கீழே வைத்தார்.

"கெடல. இப்பத்தான் சரியாச்சு" என்றார்.

பாறை இறுகிவிட்டது. புரோமின் திரும்பித் தங்கையைப் பார்த்துச் சிரித்தான். "அப்பாடா!" என்று அயோடின் விட்ட பெருமூச்சில் ஊதாப் புகை மெல்ல அடங்கியது.

அன்று முதல்தான், தனிம அட்டவணையில் எடை கூடிய டெலூரியம் முன்னாலும் எடை குறைந்த அயோடின் அதற்கு அடுத்தும் இருக்கிறார்கள். ஒரு தனிமம் இருக்கும் இடத்தைப் பார்த்தே அதன் சொந்தக்காரர்கள் யார், குணம் என்ன என்று நாமும் சொல்லிவிடுகிறோம்.