பழசைப் படிக்காத பெட்டி

ஆவுடையப்பனுக்கு ஒரு குரு உண்டு என்றால் அவருடைய சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிஷ்யருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. குரு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் நெட்வொர்க் வகுப்பு நடத்தும் ஹெப்சிபா டீச்சர்தான் அந்தக் குரு. கேபிள் டிவி தொழில் படுத்துப்போன காலத்தில் அவரிடம் போய், பிள்ளைகளோடு பிள்ளையாகப் பெஞ்சில் உட்கார்ந்து, ரவுட்டர் என்றால் என்ன என்பதிலிருந்து கற்றுக்கொண்டவர் ஆவுடையப்பன். இன்றுவரை அந்தப் படிப்புதான் அவருக்குச் சோறு போடுகிறது.

டீச்சரிடம் ஒரு வழக்கம். சந்தேகம் கேட்டால் விளக்க மாட்டார். "பெட்டியைக் கேளுங்க" என்று ரவுட்டரைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். காசு கட்டிச் சேர்ந்தவர்களுக்கு இதில் கோபம் வரும். ஆவுடையப்பனுக்கு வந்ததில்லை.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவர் படியேறி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஒடம்புக்குச் சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல டீச்சர். பழசை எல்லாம் மறந்துட்டு ஒரு மனுஷன் புதுசா ஆரம்பிக்கணும்னா என்ன செய்யணும்?"

"எந்தப் பழசை?"

அவர் சொன்னார்.

ஊருக்குள் ஓர் அறக்கட்டளை ஆம்புலன்ஸ் நடத்துகிறது. அந்த அலுவலகத்துக்கு வரும் போன் அழைப்பெல்லாம் ஒரு ரவுட்டர் வழியாகத்தான் உள்ளே வரும். அதைப் பார்த்துக்கொள்வது ஆவுடையப்பனின் வேலை. முன்பு இருந்த ஆள் பாஸ்வேர்டைச் சொல்லாமலே போய்விட்டான். பாஸ்வேர்டு தெரியாத ரவுட்டருக்குள் நுழைய ஒரு வழி இருக்கிறது. பெட்டி எப்படி விழித்தெழ வேண்டும் என்பதை அதற்குள் இருக்கும் ஓர் எண் தீர்மானிக்கிறது. 2102 என்றிருந்தால், சேமித்துவைத்த கட்டளைகளைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கும். 2142 என்று மாற்றினால், எதையும் படிக்காமல் எழுந்துவிடும், பாஸ்வேர்டும் கேட்காது. காரியம் முடிந்ததும் எண்ணைப் பழையபடி மாற்றிவிட வேண்டும்.

ஆவுடையப்பன் உள்ளே நுழைந்தார். பழைய கட்டளைகளை மீட்டெடுத்தார், புதுப் பாஸ்வேர்டு போட்டார், எல்லாவற்றையும் சேமித்தார். போன்கள் அடித்தன. அங்கிருந்தவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தச் சந்தோஷத்தில் எண்ணை மாற்ற மறந்துவிட்டார். இது பொல்லாத மறதி. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. என்றைக்கு அணைந்து எழுகிறதோ, அன்றைக்குத்தான் தெரியும்.

மாதக்கணக்கில் அது அணையவே இல்லை. போன மாதம் பெய்த மழையில் கரண்ட் போனது. பேட்டரியும் காலை வாரிவிட்டது. கரண்ட் திரும்பியதும் பெட்டி எழுந்தது, எதுவும் தெரியாத பெட்டியாக. ஆவுடையப்பன் மழையில் ஓடிப்போய்ச் சரிசெய்யும்வரை ஓர் அழைப்பும் உள்ளே வரவில்லை. அந்த நேரத்தில்தான் நாலு தெரு தள்ளி ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

"ரிப்போர்ட்ல மின்தடைன்னு எழுதிட்டேன் டீச்சர். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

"பொறவு?"

"செத்தவரு வீட்டுக்குத் துஷ்டி கேக்கப் போனேன். அவரு சம்சாரம் அன்னைக்கு ஆம்புலன்ஸுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டிருக்காவ. நம்பரைச் சரிபார்க்கவும்னே குரல் வந்திருக்கு. பதட்டத்துல நாந்தான் தப்பா அழுத்திட்டேன், நாந்தான் கொன்னுட்டேன்னு வாற ஆளுக கிட்ட எல்லாம் சொல்லி அழுதாவ. ஒரு நம்பரைக்கூட ஒழுங்கா அழுத்தத் தெரியலன்னு மாமியார்க்காரி ஏசுதா. அந்தம்மா எங்கிட்டயும் நாந்தான் கொன்னுட்டேன்னுதான் சொன்னாவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்."

அவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"ஓசூர்ல ஒரு வேலை கெடைச்சிருக்கு. திங்கக்கெழமை கெளம்புதேன். அங்க என்னை யாருக்கும் தெரியாது. மறந்துட்டா போதும், பொழைச்சுக்குவேன்."

டீச்சர் மேசையில் இருந்த பயிற்சி ரவுட்டரை இழுத்து, லேப்டாப்பில் ஏதோ தட்டினார். பிறகு ரவுட்டரை அணைத்தார்.

"இப்பப் போடுங்க."

ஆவுடையப்பன் சுவிட்சைப் போட்டார். விசிறி இரைந்தது. திரையில் எழுத்துகள் இறங்கின. விழித்தெழுந்த பெட்டி கைகாலை உதறிப் பார்ப்பதுபோல, தன் பாகங்கள் ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டது. அப்புறம் தன்னுடைய இயங்குதளத்தைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டது. எத்தனையோ தடவை பார்த்து அலுத்த காட்சிதான். ஆனாலும் அவர் கண்ணை எடுக்கவில்லை. அடுத்தது, சேமித்துவைத்த கட்டளைகளைப் படிக்க வேண்டும். பெட்டி படிக்கவில்லை. முதலிலிருந்து தொடங்கலாமா என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றது.

டீச்சர் எந்த எண்ணைப் போட்டிருக்கிறார் என்று ஆவுடையப்பன் கேட்கத் தேவையிருக்கவில்லை. 2142.

"அதுக்குப் பேரு என்னன்னு பாருங்க" என்றார் டீச்சர்.

"ரவுட்டர்னு வருது. நீங்க வச்ச பேரு அதுக்குத் தெரியல."

"அப்ப, பழசெல்லாம் அழிஞ்சு போச்சா?"

"இல்ல. உள்ளதான் இருக்கு. படிக்காதன்னு சொல்லி வச்சிருக்கு."

"இதுக்கு ஏதும் வருத்தம் இருக்குமா?"

"அதுக்கு என்ன வருத்தம்."

"இப்ப இது வழியா யாராவது ஒரு போன் போட்டா?"

ஆவுடையப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போவாது டீச்சர்."

டீச்சர் லேப்டாப்பை மூடி வைத்தார். கீழே தெருவில் பள்ளி விட்டுப் போகும் பிள்ளைகளின் சத்தம் வந்து ஓய்ந்தது. கடைசியில் ஆவுடையப்பன், சண்டைக்கு நிற்பவர்போலக் கேட்டார்.

"நான் போய் உண்மையைச் சொன்னா செத்தவரு திரும்பி வந்துருவாரா?"

"வரமாட்டாரு" என்றார் டீச்சர். "ஆனா அந்தம்மா சரியான நம்பரைத்தான் அழுத்துனாவ, அண்ணாச்சி. அது இன்னும் அவுகளுக்குத் தெரியாது."