ஒரே தாளில் இரண்டு வேல்

மயிலேறும் பெருமான் திருவடி துணை.

பழைய ஆப்செட் அச்சு இயந்திரங்கள் விற்கும் இரத்தினசபாபதியின் கிடங்கில், சிற்றச்சக உரிமையாளர் புண்ணியகோடி வியர்த்து நின்றார். இருந்த ஒரே இயந்திரமும் பழுதாகிவிட்டது. இன்று தவறாகத் தேர்ந்தால் அச்சகத்தைப் பூட்டவேண்டியதுதான்.

எதிரே இரண்டு இருந்தன. ஒன்று புதுப்பச்சை வண்ணத்தில் மின்னியது. மற்றொன்று மை படிந்து கறுத்திருந்தது.

"மூடியைத் திறக்கக் கூடாது. மிஷினுக்கு ஒரு தாள்தான் ஓட்டிக் காட்டுவேன். உச்சிப் பொழுதுக்குள்ள சொல்லும், வெளியே வேற ஆள் காத்திருக்கான்" என்றார் சபாபதி.

வேலேந்திய முருகன் படம் போட்ட கோயில் விழா நோட்டீசு இரண்டிலும் ஒன்றுபோலத் தெளிவாக விழுந்தது. பச்சையை நோக்கிப் புண்ணியகோடியின் கை எழுந்தபோது, அவர் அச்சகத்தில் மை உருளை துடைக்கும் காத்தாயி முன்னே வந்தாள்.

"ஐயா, அடிச்ச தாளையே அதே மிஷின்ல இன்னொரு தடவை விடுங்க."

"மை துடைக்கிறவ எனக்குப் பாடம் நடத்துறியா? ஒரு தாள்னு சொன்னேனே."

"நானும் புதுத்தாள் கேக்கலையே, ஐயா."

கிடங்கு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். சபாபதி அதே தாள்களை மறுபடி ஓட்டினார்.

கறுத்த இயந்திரத்தில் இரண்டாம் அச்சு முதல் அச்சின்மேல் இம்மியும் விலகாமல் அமர்ந்தது. தாளைப் பிடிக்கும் பிடிகள் தேய்ந்த பச்சையிலோ எழுத்தெல்லாம் இரட்டித்து, முருகன் கையில் இரண்டு வேல்கள் நின்றன.

"பழசுன்னா கொஞ்சம் விலகும்" என்று முணுமுணுத்தார் சபாபதி.

"எங்க முருகனுக்கு ஒரு வேல் போதும், ஐயா. கறுப்பையே வண்டியில ஏத்துங்க" என்றாள் காத்தாயி. புண்ணியகோடியும் தலையசைத்தார்.

இதைக் கேட்டோர் கைத்தொழிலை அந்த ஒற்றை வேல் என்றும் காத்து நிற்பதாக.