ஆமையின் தோட்டமும் எலியின் பல்லும்

ஒரு காட்டின் நடுவே மொட்டைப் பாறை ஒன்று இருந்தது. அதன் உச்சியில் கல்லாயி என்ற ஆமை குடியிருந்தது. பாறையில் ஒரு பிடி மண் கிடையாது. பசித்தால் கல்லாயி கீழே இறங்கி, ஓடையைக் கடந்து, அக்கரைப் புல்வெளிக்குப் போகவேண்டும். போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மழைக்காலத்தில் அந்த வழியும் அடைபட்டுவிடும். போன மழைக்கு ஓடை பெருக்கெடுத்து, கல்லாயி பட்டினியில் செத்துப் பிழைத்தது.

"இந்த வருஷமும் அப்படி ஆனா நான் தாங்கமாட்டேன்" என்று அது தாவடி என்ற குரங்கிடம் புலம்பியது.

தாவடி உதவி என்று கேட்டால் மறுக்காது. கூடவே அறிவுரையும் தரும், அதுதான் கொஞ்சம் தொல்லை. காட்டோரத்தில் ஊர்க்காரர்கள் கொட்டிவிட்டுப் போன பழைய சாமான்களை அது ஒவ்வொன்றாகத் தூக்கிவந்தது. கழுத்து உடைந்த பிளாஸ்டிக் குடம், கைப்பிடி போன வாளி, மூடி பிய்ந்த சூட்கேஸ், ஒற்றை ரப்பர் பூட்ஸ். எல்லாவற்றிலும் ஓடை மண்ணை நிரப்பியது. கல்லாயி அக்கரையிலிருந்து கொண்டுவந்த கீரை விதையில் பாதியைத் தூவி, மீதியை இலையில் மடித்து வைத்தது. பத்தே நாளில் தண்டுக்கீரை தலைகாட்டியது. கல்லாயிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை தோட்டத்தைச் சுற்றிவந்தது. அது சுற்றும் வேகத்துக்கு நாலு தடவையே அதிகம்.

ஒரு நாள் காலையில் வாளியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் கொறியன் என்ற எலி வாயைத் துடைத்துக்கொண்டு நின்றது.

"திருட்டுப் பயலே! என் வாளியை ஏன்டா கடிச்சே?"

"திருடலைக்கா. என் பல்லு வளர்ந்துகிட்டே இருக்கு. எதையாவது கடிக்காட்டி வாயை மூடமுடியாது."

"அதுக்கு என் சோத்துப் பானைதான் கிடைச்சுதா? இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!"

கல்லாயி துரத்தியது. கொறியன் ஓடவேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் மனம் நொந்துபோய், பாறையின் மறுபுறத்திலிருந்த தன் வளைக்கு நடந்தே போய்ச் சேர்ந்தது.

"தண்ணி ஒரு சொட்டு வீணாகக்கூடாது" என்று தாவடி களிமண்ணை அப்பி வாளியின் ஓட்டையை அடைத்தது. கல்லாயியும் தலையாட்டியது. பூட்ஸின் கட்டைவிரல் பக்கத்திலும் கொறியன் ரெண்டு கடி கடித்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஓடை கரை புரண்டது.

நான்காம் நாள் கல்லாயி ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. குடத்தில் தண்ணீர் தளும்பியது. வாளியிலும் சூட்கேஸிலும் கீரை மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. வேர் அழுகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. பூட்ஸில் மட்டும் கீரை பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றது.

அதெப்படி? சுற்றிவந்து பார்த்தது. கட்டைவிரல் பக்கம் ரெண்டு சின்ன ஓட்டை. மிஞ்சிய தண்ணீர் அதன் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது.

கல்லாயிக்கு வெட்கமாகப் போய்விட்டது. காலையில் கிளம்பி, உச்சிவெயில் நேரத்தில் எலி வளைக்குப் போய்ச் சேர்ந்தது.

"கொறியா, உன்னைத் திருடன்னு சொன்னேன். தப்புதான். நீ கடிச்சது மட்டும்தான் பிழைச்சிருக்கு. மத்ததையும் வந்து கடிச்சுக் குடுப்பியா?"

கொறியன் வளையிலிருந்து தலையை நீட்டியது.

"சூட்கேஸும் உண்டா?" என்றது.

"முழுசா இருக்கு. யாரும் இன்னும் வாய் வைக்கலை."

"அப்போ வரேன்க்கா. நாலு நாளா மரக்கட்டையைக் கடிச்சு வாய் கசந்துபோச்சு."

சாயங்காலத்துக்குள் மூன்றின் அடியிலும் ஓட்டை விழுந்தது. தேங்கிய தண்ணீர் வடிந்தது. இலையில் மடித்திருந்த விதையைக் கல்லாயி மறுபடி தூவியது. அது முளைத்து வளரும் இருபது நாளும், பூட்ஸ் கீரையை இலை இலையாகக் கிள்ளித் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டது. பிறகு மழைக்காலம் முடியும்வரை கீரைக்குக் குறைவே இல்லை. கல்லாயிக்கு ஓட்டுக்குள் தலையை இழுப்பதே சிரமமாகிவிட்டது. அவ்வளவு சதை போட்டிருந்தது.

இப்போதெல்லாம் தாவடி எந்தச் சாமானைத் தூக்கிவந்தாலும், மண் போடுவதற்கு முன் கல்லாயி மறுபுறம் பார்த்துக் குரல் கொடுக்கும்.

"கொறியா, புதுசு ஒண்ணு வந்திருக்கு. முதல் கடி உன்னோடது."

கெடுதல் என்று நாம் கோபப்பட்டு விரட்டுவதில் நமக்கு வேண்டிய நன்மையும் இருக்கலாம். ஆகவே விரட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று பார்க்கவேண்டும்.