மணிக்குப் போத்தின பொன்னாடை

சரவணம்பட்டில, ஒரு பேக்கரிக்கு மேல, ஒரு குரு இருந்தா. பேரு பூங்கோதை. வயசு முப்பத்தொண்ணு.

அவளுக்கு ஒரு சிஷ்யன். பேரு சென்னியப்பன். வயசு நாப்பத்திரண்டு. தாடி சிஷ்யன்கிட்டதான் இருந்துச்சு.

முன்னாடி அவன் திருப்பூர்ல பனியனுக்குப் படம் வரைஞ்சுட்டிருந்தான். எல்லாம் புலி. ரெண்டு துவைப்புல புலி பூனையாயிரும், மூணாவது துவைப்புல பூனையும் ஓடிரும். துவைக்க முடியாத எடத்துல வரையணும்னு இங்க வந்து சேர்ந்தான்.

இங்கன்னா, ஒரு கார்டு விளையாட்டு கம்பெனி. ஃபோன்ல ஆடறது. பேரு 'கோட்டைக்கதவு'. ரெண்டு பேரு, ஆளுக்கு முப்பது கார்டு, எதிராளி கதவை முதல்ல உடைக்கறவன் ஜெயிச்சான். அவ்வளவுதான் ஆட்டம். அதுக்கே ஆறு லட்சம் பேரு சோத்துல கைய வெச்சுட்டு ஃபோனைப் பாத்துட்டிருக்காங்க.

விளையாட்டை ஃபோன்ல ஏத்தின உடனே எல்லாருக்கும் நூறு கார்டு சும்மா வரும். அதுக்கு அடிக்கட்டுன்னு பேரு. அது என்னைக்கும் செல்லும். அதுக்கு மேல நாலு மாசத்துக்கு ஒரு புதுக்கட்டு வரும். அதை ஆடி ஆடித்தான் சேக்கணும். ஒரு வருஷம் செல்லும், அப்புறம் ரிடயர்.

ரிடயர்னா சும்மா அனுப்ப மாட்டாங்க. அந்த ஆபீஸ்ல ஒரு விழாவே உண்டு. போற கட்டைப் பிரின்ட் எடுத்து ஒரு நாற்காலில உக்கார வெச்சு, பொன்னாடை போத்துவாங்க. ஒருத்தர் எந்திரிச்சு, "இவர் யார் மனமும் நோகாமல் பணியாற்றியவர்"னு பேசுவாரு. கீழ பேக்கரில இருந்து தேன் கேக், மிக்சர். தாலுகா ஆபீஸ்ல நடக்கற மாதிரியே இருக்கும், சுவர்க்கடிகாரம் மட்டும் தரமாட்டாங்க.

அடிக்கட்டுக்கு மட்டும் அந்த நாற்காலி கெடைச்சதே இல்ல. ஒம்பது வருஷ சர்வீஸ்.

ஒரு செவ்வாய்க்கெழமை காலைல சென்னியப்பன் லேப்டாப்பை நெஞ்சோட அணைச்சுட்டு குரு முன்னாடி வந்து நின்னான்.

"அம்மிணி, ஒரு கேள்வி."

"கேளுங்ணா."

"அடிக்கட்டை ரிடயர் பண்ணலாமா?"

"பண்ணலாமே."

சென்னியப்பன் அப்படியே நின்னான். இதுக்காக நாப்பத்தாறு பக்கம் படம் போட்டுக் கொண்டாந்திருந்தான். முதல் பக்கத்துல வணக்கம் மட்டும்தான் இருந்துச்சு. அதைக்கூட காட்ட முடியல.

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"சொல்லுங்ணா."

"எல்லாம் உன் மணியாலதான்."

அடிக்கட்டுல 'காவல் நாய்'னு ஒரு கார்டு. பெரிசா கடிக்காது. ஆனா அதை எறக்கினா, கட்டுல இருந்து இன்னொரு கார்டு கைக்கு வரும். கை காலியா நிக்கறவனுக்கு அது தெம்பு. காவல் நாய்ங்கற பேரு கம்பெனி ரெக்கார்டுல மட்டும்தான் இருக்கு. ஊரே அதை மணின்னுதான் கூப்பிடும். பூங்கோதை இருவத்திரண்டு வயசுல, காந்திபுரத்துல பஸ்ஸுக்கு நின்னப்ப, பழைய டிக்கெட் பின்னாடி எழுதின கார்டு அது.

"எவன்கூட ஆடினாலும் அவன்கிட்ட ரெண்டு மணி. என்கிட்ட ரெண்டு மணி. நாலு நாய் குலைச்சு முடிக்கறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சுருது. பதினாலு மாசம் உக்காந்து அடைமழைக் கட்டு செஞ்சேன் அம்மிணி. எம்பது கார்டு. ஒவ்வொரு துளியும் நான் வரைஞ்சது. வெளிய வந்து எட்டு மாசமாச்சு. எவன் தொட்டான்? இன்னும் நாலு மாசத்துல அதுக்கும் பொன்னாடை போத்திருவீங்க. கல்யாணமே ஆவாதவனுக்கு அறுபதாங்கல்யாணம் பண்ற மாதிரி."

சொல்லும்போது சிரிச்சான். முடிக்கும்போது சிரிக்கல.

பூங்கோதை கேலண்டரைப் பாத்தா.

"டெஸ்ட் சர்வர்ல ஒரு மாசம் எடுத்துருவோம்ங்ணா. எப்படிங்கறது உங்க இஷ்டம்."

டெஸ்ட் சர்வர்ல ஆசைப்பட்டு வந்த ரெண்டாயிரம் பேரு ஆடறாங்க. கம்பெனி எதை மாத்தினாலும் முதல் இடி அவங்க தலைல.

"உன் நாய் போகுதே. வருத்தமில்லயா?"

"நான் மணிய வெச்சு ஆடறதில்லீங்ணா."

"பெத்தவ நீ. நீயே வெச்சுக்கலயா?"

"அவனை எனக்குன்னு செய்யல."

சென்னியப்பனுக்கு அது புரியல. புரியாதது அன்னைக்கு ஒரு குறையாவும் தெரியல.

வெள்ளிக்கெழமை விழா நடந்துச்சு. நூறு கார்டு நாற்காலில. எல்லாத்துக்கும் மேல மணி, நாக்கைத் தொங்கப் போட்டுட்டு. பொன்னாடை சென்னியப்பனே வாங்கிட்டு வந்திருந்தான். பச்சை, சரிகை பார்டர். அவனே போத்தினான், அவனே பேசினான்.

"மணி அவர்கள் ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. எடுத்திருந்தால் நாமெல்லாம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்போம்."

ஆபீஸே சிரிச்சுது. பூங்கோதையும் சிரிச்சா. ரெண்டு தேன் கேக் சாப்பிட்டா.

அடிக்கட்டு போன எடத்துல, டெஸ்ட் சர்வர்ல இருக்கற ஆளுக்கெல்லாம் நடப்புக் கட்டுகள்ல இருந்து அம்பது கார்டு குடுத்தான் சென்னியப்பன். பானைல கைய விட்டு எடுத்த மாதிரி. யாருக்கு எது வருதோ அது.

முதல் வாரம் திருவிழா. "இதான்யா ஆட்டம்"னு எழுதினாங்க. "எத்தனை வருஷம் கழிச்சு மூளைக்கு வேலை வெச்சிருக்கீங்க"ன்னு எழுதினாங்க. அடைமழைக் கட்டு எறங்குச்சு. தவளைப்படை எறங்குச்சு. ஓடைப்பாலம் எறங்குச்சு. சென்னியப்பன் ஸ்க்ரீன் முன்னாடியே உக்காந்திருந்தான். டீ ஆறுச்சு, ஆடை கட்டுச்சு, அப்புறம் ஒரு ஈ வந்து தற்கொலை பண்ணிக்கிச்சு. அவனுக்கு எதுவும் தெரியல.

"அம்மிணி! ஒழுகற கூரைய வெச்சு ஜெயிச்சுட்டான்! ஒழுகற கூரை!"

"பாத்தேங்ணா."

"அந்தக் கூரைக்கு மட்டும் பதினோரு நாள் வரைஞ்சேன்."

"தெரியும்ங்ணா."

ரெண்டாவது வாரம் ஆளுக ஒரு விஷயம் கண்டுபுடிச்சாங்க.

அடைமழைக் கட்டுல குடைக்காரின்னு ஒருத்தி. குடை புடிச்சுட்டு நிப்பா, சண்டைக்குப் போக மாட்டா. எறக்கினா ஒரு கார்டு கைக்கு வரும். மழை பெய்ஞ்சுட்டிருந்தா ரெண்டு. சென்னியப்பன் அவளைத் தன் சம்சாரம் ஜாடைலதான் வரைஞ்சிருந்தான். வீட்ல இன்னும் சொல்லல.

குடைக்காரி இருக்கறவன் ஜெயிச்சான். இருக்கறவனெல்லாம் ரெண்டு வெச்சான்.

"அம்மிணி, குடைல ஒரு ஓட்டை போட்டுரலாமா? மழை பெய்ஞ்சாலும் ஒரு கார்டுதான்னு."

"போட்டுரலாமே."

போட்டான். அப்பவும் ஆளுக அவளை விடல. மூணாவது வாரம் தவளைய யாரும் சீந்தல. பாலத்துல ஆள் நடமாட்டம் இல்ல. கூரை மறுபடி சும்மா ஒழுகுச்சு. யாரு ஆட்டத்தைத் தொறந்தாலும் ரெண்டாவது முறைல ஒரு குடை விரிஞ்சுது.

ஒரு மத்தியானம், எவனோ ஒருத்தன் குடைக்காரிய எறக்கினான். எதிராளி டைப் பண்ணினான்.

"வந்துட்டான்யா மணி."

சென்னியப்பன் அதை மூணு தடவை படிச்சான். எந்திரிச்சு குரு மேஜைக்குப் போனான்.

"குருவே."

கோயமுத்தூர்க்காரனுக்குக் கோவம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"சொல்லுங்ணா."

"குடைக்காரி பொம்பளைங்க. கைல குடை இருக்குதுங்க. வால் இல்லீங்க. மணிங்கறானுங்க."

"ம்."

"அது என் சம்சாரம் மூஞ்சிங்க!"

"அண்ணிகிட்ட சொல்லீட்டீங்ளா?"

"அதை விடுங்க."

அவன் திரும்பி வந்து உக்காந்தான். நாற்காலிய மட்டும் ஒரு தடவை பாத்தான். அடிக்கட்டை அங்கிருந்து யாரும் எடுக்கல. மணி பச்சைப் பொன்னாடைக்குள்ள சொகமா இருந்தான்.

மாசம் முடிய மூணு நாள் இருக்கறப்ப ஒரு மெயில் வந்துச்சு. எழுதினது டெஸ்ட் சர்வர்ல ஆடற அமிர்தவல்லி. அன்னூர்ப் பக்கம் ஒரு மில்லுல வேலை. சென்னியப்பன் அதை மனசுக்குள்ள படிச்சுட்டு, குரு மேஜைக்குப் போய் சத்தமாப் படிச்சான்.

"'நாங்க நாலு பேரு. கேன்டீன்ல சாப்பாட்டு நேரத்துல ஆடுவோம். உங்க மழைப் படமெல்லாம் ரொம்ப நல்லா இருக்குங்க. தவளைய என் ஃபோன்ல வால்பேப்பராவே வெச்சிருக்கேன். ஆனா குடைக்காரி எங்கள்ல சகுந்தலாவுக்கு மட்டும்தான் வந்தா. அதனால சகுந்தலாதான் ஜெயிக்கறா. நாலு நாளா நாங்க மூணு பேரும் ஆடல. சகுந்தலா இப்ப தனியா உக்காந்து சாப்பிடறா. அவ மேல தப்பில்ல. மணி எங்க நாலு பேர்கிட்டயும் இருந்தான். அவ்வளவுதாங்க.'"

கீழ பேக்கரில ரொட்டி வேகற வாசம் மேல ஏறி வந்துச்சு.

"அம்மிணி." கோவம் எறங்கியிருந்துச்சு. "மணியத் திருப்பிக் கூப்பிடலாமா?"

"கூப்பிடலாமே."

"கூப்பிட்டா என் கட்டை மறுபடி எவனும் தொட மாட்டான்."

"ஆமாங்ணா."

சென்னியப்பன் கதவு வரைக்கும் நடந்தான். திரும்பி வந்தான்.

"மணி வேண்டாம். குடைக்காரிய எல்லாருக்கும் குடுத்துருவோம். ஏத்தின அன்னைக்கே, சும்மா. அந்த மூணு பேருக்கும் கெடைக்கும்."

"குடுத்துரலாமே."

"செரி." ரெண்டு எட்டு போனான். நின்னான். "நாலு மாசத்துல என் கட்டு போயிருமே. அவளும் கூடப் போயிருவாளே."

"போயிருவாங்க."

"மறுபடி எவகிட்டயோ என்னமோ ஒண்ணு இருக்கும். மறுபடி ஒருத்தி தனியா உக்காந்து சாப்பிடுவா."

போன ரெண்டு எட்டையும் சென்னியப்பன் திரும்பி வந்தான்.

"அப்ப அவளை மட்டும் போவ விடாம வெச்சுக்கலாமா? என்னைக்கும் செல்லற மாதிரி?"

"வெச்சுக்கலாமே."

சென்னியப்பன் பெரிசா தலையாட்டினான். பாதி ஆட்டத்துல தலை நின்னுருச்சு.

கண்ணு நாற்காலிக்குப் போச்சு. மணி நாக்கைத் தொங்கப் போட்டுட்டு அவனையே பாத்தான்.

"இனி நெதம் திட்டுவானுங்க"ன்னான். "அவ மூஞ்சியப் பாத்தாலே திட்டுவானுங்க."

"திட்டுவாங்க."

"தவளைய எவனும் தொட மாட்டான். கூரைய எவனும் பாக்க மாட்டான். எம்பதுல இவ ஒருத்திதான் இருப்பா. இவளையும் நான் செஞ்சேன்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

"தெரியாதுங்ணா."

அவன் தன் மேஜைக்குப் போய் உக்காந்தான். ரொம்ப நேரம் ஸ்க்ரீனைப் பாத்துட்டிருந்தான். அப்புறம் பழைய அடிக்கட்டுப் பட்டியலைத் தொறந்தான். மேல காலியா இருந்த முதல் வரில 'குடைக்காரி'ன்னு அடிச்சான். பக்கத்துல, எது வரைக்கும் செல்லும்னு கேக்கற கட்டத்தைக் காலியா விட்டான்.

அதுக்கப்புறம் ஃபோனை எடுத்தான். தன் முப்பது கார்டைத் தொறந்து, அதுல இருந்த ரெண்டு குடைக்காரியையும் எடுத்துட்டான். அந்த எடத்துல ஒரு தவளையும் ஒரு ஒழுகற கூரையும் வெச்சான்.

பூங்கோதை பாத்துட்டேதான் இருந்தா.

சென்னியப்பன் நாற்காலிகிட்டப் போனான். மணி தலைய ஒரு தட்டு தட்டினான். பொன்னாடைய உருவி, ஒதறி, நாலா மடிச்சு, தன் பைக்குள்ள வெச்சு ஜிப்பை இழுத்தான்.

"அதை வீட்டுக்குக் கொண்டுபோயிராதீங்ணா."

"ஏன் அம்மிணி? நான் வாங்கினதுதானே."

"இங்கயே இருக்கட்டும். அடுத்து 'ரிடயர் பண்ணலாமா'ன்னு கேக்க வர்றவருக்கு வேணும்."