சபையில் விழுந்த ஒரு ‘ம்’

வேம்பனூர் அரசன் கேசரிவர்மனுக்குக் கோபம் வந்தால் மீசை துடிக்காது; காதுமடல்தான் சிவக்கும். அன்று இரண்டு காதும் சிவந்திருந்தன.

எதிரே கதைசொல்லி சுடலைவடிவு கைகட்டி நின்றாள். சந்தைத் திடலில் பேய்க்கதை சொல்லிக் குடிமக்களை நடுங்க வைக்கிறாள் என்று தளவாய் திருமலையப்பர் அவளைப் பிடித்து வந்திருந்தார். மக்களைப் பயமுறுத்தினால் நாடுகடத்த வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம்.

அரசவை விகடன் மருதப்பன் முன்னால் வந்தான். மூன்று வாரமாக அவனும் அந்தத் திடலில்தான் உட்கார்ந்திருந்தான். முக்கால் கதையில் அவளைப் பிடித்துவிட்டார்கள். முடிவு தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“மன்னா, இவள் மேல் தப்பில்லை” என்றான்.

“பின்னே, பேய் மேலா?” என்றார் தளவாய்.

“கேட்டவர்கள் மேல், ஐயா. ‘ம்’ கொட்ட ஆள் இல்லையென்றால் இவள் அடுத்த வரியைச் சொல்வதில்லை. பயம் வேண்டாதவர் வாயை மூடிக்கொண்டால் போதும்.”

“பயப்பட யாராவது ஆசைப்படுவார்களா?” என்றான் அரசன்.

“புலியிடம் ஆசைப்பட மாட்டார்கள், மன்னா. புலி ‘ம்’ கேட்டுவிட்டுப் பாய்வதில்லை. இவள் கேட்கிறாள். நிறுத்துகிற அதிகாரம் நம் வாயிலேயே இருந்தால், கொஞ்சம் நடுங்கித்தான் பார்ப்போமே என்று தோன்றும்.”

“பிதற்றல்!” என்றார் தளவாய். “இங்கேயே சொல்லட்டும். நீ கொட்டக்கூடாது. வேறு யாராவது ‘ம்’ கொட்டினால் நான் புகாரை விட்டுவிடுகிறேன். கொட்டாவிட்டால் இவளோடு நீயும் எல்லை தாண்ட வேண்டும்.”

அரசன் தலையசைத்தான். மருதப்பன் மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தான்.

சுடலைவடிவு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

“குயவன் கிணற்றுக்குள் வாளியை இறக்கினான். மேலே வந்தது. அவன் இழுக்கவில்லை. வாளி விளிம்பைப் பிடித்தபடி ஒரு கை. அந்தக் கையில் அவன் பெண்டாட்டியின் வளையல். பெண்டாட்டியோ அடுக்களையில் பாடிக்கொண்டிருக்கிறாள். பாட்டு நின்றது.”

சுடலைவடிவும் நிறுத்தினாள்.

சபையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சாமரம் வீசியவன் வீச மறந்தான். அரசன் சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டான். மருதப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

“ம்!”

எல்லோரும் திரும்பினார்கள். தளவாய்.

“இருமல்” என்றார் அவர்.

“இருமுவதற்கா ஆசனத்தை விட்டு இறங்கி அவள் காலடியில் வந்து உட்கார்ந்தீர்?” என்று கேட்டான் அரசன்.

தளவாய் குனிந்து பார்த்தார். உட்கார்ந்துதான் இருந்தார்.

மருதப்பன் கைகூப்பினான். “மன்னா, பயமுறுத்தச் சொல்லி உத்தரவு கொடுத்தவர் அகப்பட்டுவிட்டார். சட்டம் சட்டம்தான். இருவரையும் சேர்த்தே நாடுகடத்திவிடலாம். போகிற வழியில் மீதிக்கதையை இவருக்குச் சொல்லி முடித்துவிடுவாள்.”

அரசன் திடுக்கிட்டான். “இவருக்கு மட்டுமா?”

பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. காதுமடல் பழைய நிறத்துக்குத் திரும்பியது. வழக்கைத் தள்ளினான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதப்பனிடம் எறிந்தான். கால்களை மெதுவாகத் தூக்கிச் சிம்மாசனத்தின் மேல் மடித்து வைத்துக்கொண்டான்.

சுடலைவடிவைப் பார்த்தான்.

“ம்” என்றான்.